முப்பது காசு

ராஜேந்திர சோழன் படை கங்கை வரைக்கும் போனது என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோருமே நெட்டுருப் போட்டிருக்கிறோம். சரி, அது நமக்கு எப்படித் தெரியும்? யார் வந்து சொன்னார்கள்?

கங்கைகொண்டசோழபுரம் என்பீர்கள். பாதி மார்க். திருவாலங்காட்டுச் செப்பேடு என்று சொன்னால் முக்கால். மீதிக் கால் மார்க்குக்கு நீங்கள் என்னோடு போளூர்ப் பக்கம் வந்து ஒரு மலை ஏறவேண்டும். மலை என்றதும் முழங்காலைத் தடவிப் பார்க்காதீர்கள். சின்ன மலைதான். பாட்டிகள் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஏறுகிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பக்கம் போனது சரித்திரத்துக்காக அல்ல, சேலைக்காக. அக்கா மகளுக்குக் கல்யாணம். ஆரணிப் பட்டு என்று நாம் வாங்குகிறோமே, அதெல்லாம் ஆரணி டவுனுக்குள்ளேயே நெய்வதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறிகள் இருக்கின்றன. தேவிகாபுரம் அப்படி ஒரு ஊர். கீழே பெரியநாயகி அம்மன் கோயில், விஜயநகரக் காலத்துக் கட்டுமானம். ஊருக்குப் பொருத்தமே இல்லாத பிரமாண்டம்! பக்கத்திலேயே கனககிரி மலை, அதன் மேல் ஈஸ்வரன். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வருகிறது.

சேலை பேசி முடித்த பிறகு, நெய்கிறவர் தறிக்குழியிலிருந்து காலை எடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர். "மலை பாக்கணும்னா கனககிரி இங்கயே கீது சார். நீங்க கேக்குறது திருமலைன்னா வண்டியில போவணும். நானும் வரேன், பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

தேவிகாபுரத்திலிருந்து வடக்கே திருமலைக்கு அதிக தூரமில்லை. சித்திரை மாதம். வழியெல்லாம் காய்ந்த காடு, பாறை, கருவேலம். சங்கப் புலவர்கள் பாலை என்று எதைச் சொன்னார்கள் என்று சந்தேகமிருந்தால், மத்தியானம் மூன்று மணிக்கு இந்த ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்கள், விளங்கிவிடும்!

திருமலை சமணர் மலை. (திருப்பதி அல்ல. ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.) ஆரணி, வந்தவாசிப் பக்கம் இன்றைக்கும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இது உயிருள்ள கோயில், நமக்குத்தான் புராதனச் சின்னம். பாறையிலேயே செதுக்கிய நெடிய நேமிநாதர், குகைக்குள் பழைய ஓவியங்கள், குந்தவை பேரில் ஒரு ஜினாலயம். ஆமாம், அதே குந்தவைதான்! ராஜராஜனின் அக்கா. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனைத் திணறடித்தவர். சிவன் கோயிலுக்குக் கொடுத்த கையாலேயே சமணப் பள்ளிக்கும் கொடுத்திருக்கிறார். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவன், பெருமாள், ஜினர் மூவருக்கும் அவர் கோயில் எடுத்திருக்கிறார்.

உச்சிக்குப் போனதும் காற்று வந்து சட்டையைப் பிடித்தது. கீழே சமவெளி, அங்கங்கே கட்டம் கட்டமாகக் கொஞ்சம் பச்சை. "தண்ணி இருக்கிற எடம் மட்டும் பச்சை" என்றார் நெசவாளர். அதற்கும் இந்த மலையடியில் ஒரு கல்வெட்டு சாட்சி இருக்கிறது. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 வாக்கில், குணவீர மாமுனிவன் என்ற சமணத் துறவி இங்கே ஒரு கலிங்கு கட்டினார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுவதற்கான வழிதான் கலிங்கு. எல்லாவற்றையும் துறந்தவருக்கு ஏரியைப் பற்றி என்ன கவலை? இருந்திருக்கிறதே!

நாம் தேடி வந்த கல்வெட்டு மலை உச்சியில், ஒரு சமண உருவத்துக்குப் பக்கத்தில், வழவழப்பான பாறையில் இருக்கிறது. 1890-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை அச்சிட்டார். அந்தப் பக்கத்தைத்தான் போனில் இறக்கி வைத்திருந்தேன். எழுத்து எனக்குப் பாதிதான் பிடிபடும் என்பதால், போனைப் பார்த்துப் பாறையில் விரல் வைத்துத் தேடினோம்.

நான் பி.காம். எனக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகமாகத்தான் தெரியும். கல்வெட்டின் ஆரம்பம் மெய்க்கீர்த்தி, அரசனின் பெருமை. நம் பாஷையில் லெட்டர்ஹெட். அது சாதாரண லெட்டர்ஹெட் இல்லை. வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழத்து அரசன் மகுடம், சேரன் மகுடம், முசங்கியில் புறங்காட்டி ஓடிய ஜெயசிம்மன், சக்கரக்கோட்டம், ஒட்ட விஷயம், கோசலை, தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காளம், கடைசியில் கங்கை. வங்காளத்தைச் சொல்லும்போது, சாரல் ஓயாத தேசம் என்று ஒரு அடைமொழி வேறு. இந்தக் காய்ந்த பாறையில் அதை வெட்டிய சிற்பி ஒரு பெருமூச்சு விட்டிருப்பான்.

ஆண்டு, ராஜேந்திரனின் பதின்மூன்றாவது. அதாவது 1024-25. பட்டியலில் கங்கை உண்டு, கடாரம் இல்லை. கடாரம் பிந்தைய கல்வெட்டுகளில்தான் வருகிறது. புரிகிறதா? மார்ச் 31-ஆம் தேதி போட்ட பேலன்ஸ் ஷீட் மாதிரி. எது எப்போது வரவில் ஏறியது என்று இதை வைத்துத்தான் தேதி கட்டுகிறார்கள். நமக்கு மட்டுமா? மகிபாலன், கோவிந்தசந்திரன் என்று அந்தப் பக்கத்து அரசர்கள் பெயரையும் இந்தப் பாறை சொல்கிறது. வங்காளத்தின் பழைய வரலாற்றை எழுதுகிறவர்கள் போளூர்ப் பக்கத்துப் பாறையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது!

சரி, இவ்வளவு பெரிய லெட்டர்ஹெட்டுக்குக் கீழே என்ன கடிதம் எழுதியிருக்கும்? போர்ப் பிரகடனமா? புதுக் கோட்டையா?

ஒரு விளக்கு. பெரும்பாணப்பாடியில் கரைவழிமல்லியூர் என்ற ஊரிலிருந்த வியாபாரி நன்னப்பையன். அவனுடைய மணவாட்டி சாமுண்டப்பை, இந்த மலைமேல் குந்தவை ஜினாலயத்துக்குத் திருநந்தாவிளக்கு ஒன்று வைத்தாள். விளக்குக்கு இருபது காசு, திருவமுதுக்குப் பத்துக் காசு. மொத்தம் முப்பது காசு. அவ்வளவுதான்.

நந்தாவிளக்கு என்றால் அணையாத விளக்கு. இன்றைக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனால் நாளைக்கு யார் ஊற்றுவது? அதனால்தான் முதல். முதலைத் தொடாமல் வட்டியில் எரிய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த விகிதத்தை இங்கே போட்டுப் பார்த்தால் இருபது காசுக்கு வருஷம் இரண்டரைக் காசு. காசாகக் கொடுக்காவிட்டால் ஆடாகக் கொடுப்பார்கள். தஞ்சையில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. கிழடு போனால் குட்டி ஈடு, எண்ணிக்கை குறையக் கூடாது. மூலதனத்தைக் காப்பாற்றுவது பற்றி எனக்குக் கல்லூரியில் மூன்று வருஷம் பாடம் எடுத்தார்கள். இந்த மூன்று சொல்லில் அத்தனையும் அடக்கம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஆயிரம் கட்டுரைகளில் இந்தக் கல்வெட்டு மேற்கோளாக வருகிறது, எல்லாம் லெட்டர்ஹெட்டுக்காக. அந்த முப்பது காசு இல்லையென்றால் இந்தப் பாறையில் வெட்டே விழுந்திருக்காது. தானம் கொடுத்தவளுக்குக் கொடுத்த ரசீதுதான் இது. ரசீதை வைத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டோம்.

நெசவாளரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜா பேரு பெருசா, முன்னாடி. சரி. அந்தம்மா பேரும் வந்திருக்குல்ல?"

"வந்திருக்குண்ணே."

"அதான் பாருங்க. பாவு ஏத்தி, ஜரிகை கோத்து, ஒரு சேலை எறக்க எனக்கு எத்தினி நாளாவுது? எறக்கினா கடைக்காரன் லேபிள் ஒட்டிக்கிறான். சென்னையில அதக் கட்டிக்கினு போறவங்களுக்கு ஆரணின்னே தெரியாது. அப்புறம் எங்க தேவிகாபுரம்? அதுல எம் பேரு எங்க?"

என்னிடம் பதில் இல்லை. அன்று காலையில் அவரிடமே முந்நூறு ரூபாய் குறைத்துப் பேசியவன் நான்.

வெயில் சாய்ந்து, வெட்டெழுத்துகளில் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில்தான் கல்வெட்டு நன்றாகத் தெரியும். நீங்களும் போனால் சாயங்காலமே போங்கள்.

"அந்தம்மா பேரு இன்னா சொன்னீங்க சார்?"

"சாமுண்டப்பை."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.