கட்டுமரத்தின் பெயரும் கட்டியவர் கைகளும்

கப்பல்களின் சரித்திரம் பெரும்பாலும் அவற்றை ஏவியோரின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த மன்னன் எத்தனை கலங்களை அனுப்பினான், எந்தக் கும்பனி எந்தத் துறைமுகத்தைக் கைப்பற்றியது என்பனவெல்லாம் நமது மாணவருக்கு மனப்பாடம். அக்கலங்களைச் செய்த தச்சன் யார், மரம் எங்கிருந்து வந்தது, வேலை முடிந்தபின் கலம் யாருக்குச் சொந்தமாயிற்று என்னும் வினாக்களைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை மனத்திற் கொண்டு ஒரு சிறிய கலத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். மேலைநாடுகளிற் சாதாரண மனிதர் தம் வீட்டுக் கொட்டிலில், நுரைத்தகட்டையும் கண்ணாடியிழையையும் கொண்டு தாமே கட்டிக்கொள்ளும் இரட்டையுடற் பாய்ப்படகே அது. உலகம் அதனைக் 'கற்றமரான்' என்கிறது. பெயர் எம்முடையது, பொருள் பிறருடையது.

கட்டுமரம் என்பது கட்டப்பட்ட மரம். பாரமற்ற மரக்குற்றிகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றினாற் பிணைத்தால் அதுவே கலம். கரைக்கு வந்ததும் மீனவன் அதனை அவிழ்த்து உலரவைத்து, மறுபடியும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவான். 1690இற் சென்னைப் பட்டினத்திலிருந்த ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளிவந்த தமது பயண நூலிலே, சோழமண்டலக் கரையில் வழங்கிய பெயராக இச்சொல்லைக் குறித்தார். ஆங்கிலத்திலே புகுந்த சொல் நாளடைவிற் பொருள் விரிந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டு ஒடுங்கிய உடல்களைக் குறுக்குச்சட்டங்களால் இணைத்த கலத்தைக் குறிக்கலாயிற்று. அவ்வமைப்போ பொலிநேசியரின் சாதனை. பசிபிக் சமுத்திரத்தின் தீவுகளை அவர்கள் இரட்டை ஓடங்களிற் சென்றே குடியேற்றினர். தமிழ் மீனவனின் சொல்லும் பொலிநேசியக் கடலோடியின் அறிவும் ஐரோப்பியரின் அகராதியிலே ஒன்றாயின. இதனால் அவ்விருவருக்கும் கிடைத்த பயன் யாதுமில்லை. ஆகவே, உலகுக்கு ஒரு சொல்லைத் தந்தோம் என்று மேடையில் மார்தட்டுவதில் அர்த்தமில்லை. அச்சொல்லைத் தந்த மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று கேட்பதே பொருத்தமானது.

இரட்டையுடற் கலம் மேலைநாட்டிற் பெற்ற வரவேற்பும் நோக்கத்தக்கது. 1876இல் நியூயோர்க்கில், அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டையொட்டி நடந்த பாய்ப்படகுப் போட்டியில், நத்தானியல் ஹெரெஷொவ் என்பார் 'அமரிலிஸ்' என்ற தமது இரட்டையுடற் படகை ஓட்டி ஏனையோரைப் பின்தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபம் எழுப்பினர்; வெற்றி செல்லாதெனப்பட்டது. அடுத்த ஆண்டில் ஹெரெஷொவ் தமது அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் செல்வரின் படகுச் சங்கங்கள் இத்தகைய கலங்களுக்குக் கதவடைத்தே வைத்திருந்தன. விரைவாகச் செல்வது குற்றமன்று. சங்கத்தின் விதிக்குள் அடங்காது விரைவாகச் சென்றதே குற்றம். பின்னாளில் அதே ஹெரெஷொவ், கோடீசுவரரின் போட்டிக் கப்பல்களை வரைந்து பெரும்புகழ் எய்தினார்.

கதவு மறுபடியும் திறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரேயாகும். அதனைத் திறந்தது போர்க்காலத்தில் வளர்ச்சியுற்ற பொருள்கள். நீரில் நனைந்தாலும் பிரியாத ஒட்டுப்பலகை முதலில் வந்தது. 1928இல் பிறந்த மான்செஸ்டர்வாசியான ஜேம்ஸ் வாராம், ஏறத்தாழ இருபத்து மூன்றரை அடி நீளமான 'தங்கரோவா' என்ற இரட்டையுடற் படகைத் தாமே கட்டி, 1955இல் இரண்டு ஜெர்மன் பெண்களுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, அத்திலாந்திக்கைக் கடந்து திரினிடாத் தீவை அடைந்தார். அங்கேயே 'ரொங்கோ' என்ற நாற்பதடிப் படகைக் கட்டி, 1959இல் வட அத்திலாந்திக்கை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார். 2021இல் இறக்கும் வரை, தம் கையாற் படகு கட்ட விரும்புவோருக்கு வரைபடங்கள் வரைந்து விற்பதே அவரது தொழிலாயிருந்தது. அவருடைய படகுகளின் குறுக்குச்சட்டங்கள் உடல்களோடு கயிற்றினாற் பிணைக்கப்பட்டவை. பொலிநேசியரிடம் கற்ற அம்முறையினால், அலை மோதும்போது கலம் விறைத்து நின்று முறியாமல் சற்று அசைந்து கொடுத்தது.

ஒட்டுப்பலகையை அடுத்து வந்தவை கண்ணாடியிழையும் நுரையும். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக்கித் துணிபோல நெய்து, ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் தோய்த்து இறுகவைத்தால் உறுதியான ஓடு உண்டாகிறது. அமெரிக்காவில் ரே கிறீன் என்பார் 1942இலேயே இவ்வாறு ஒரு சிறு படகு செய்தார். ஆனால் இவ்வோடு பாரமானது. ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1,500 கிலோகிராம் இருக்கும். ஒற்றையுடற் பாய்ப்படகு கவிழாதிருக்க அடியில் ஈயமோ இரும்போ சுமக்கிறது. இரட்டையுடற் படகு தனது அகலத்தினாலேயே நிலைநிற்பது. அதற்கு இலேசே உயிர். எனவே மெல்லிய இரு கண்ணாடியிழை ஓடுகளுக்கிடையே நுரைத்தகட்டை வைக்கும் முறை அதற்கு மிகவும் பொருந்திற்று. படகுக்கு ஏற்ற நுரை ஒரு கன மீற்றருக்கு எண்பது கிலோகிராம் அளவே. இரு ஓடுகளையும் விலக்கிப் பிடிப்பதே அதன் வேலை; விலக விலக விறைப்பு மிகும். கட்டட உத்தரத்தின் இரும்பு மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிந்திருப்பதும் இத்தத்துவத்தினாலேயே. 1966இல் டெரெக் கெல்சால் இம்முறையிற் கட்டிய 'தோரியா' என்ற மூவுடற் படகு, பிரித்தானியாவைச் சுற்றி ஓடும் போட்டியில் முதலிடம் பெற்றது. கலிபோர்னியாவில் அலைப்பலகை செய்து நுரையோடு பழகிய ஹோபி ஓல்ட்டர், 1968இல் பதினான்கடி இரட்டையுடற் படகை வெளியிட்டார்.

வீட்டிற் கட்டும் முறை எளிது. படகின் குறுக்குவெட்டு வடிவங்களை மலிவான பலகையில் அறுத்து, வரிசையாகத் தலைகீழாக நிறுத்தி, நீளவாட்டில் மெல்லிய சலாகைகளை அறைவர். அதன்மேல் நுரைத்தகடுகளைப் பொருத்தி வெளிப்புறத்திற்குக் கண்ணாடியிழை பூசுவர். இறுகியபின் கழற்றிப் புரட்டி உட்புறத்திற்கும் பூசுவர். நுரையைத் தேர்வதில் அவதானம் வேண்டும். நாம் 'றெஜிபோம்' என்னும் வெண்ணுரையைப் பொலியெஸ்ரர் ரெசின் கரைத்துவிடும். எப்பொக்சி ரெசின் கரைப்பதில்லை. ஓடு நுரையோடு நன்கு ஒட்டாத இடத்தில் நாளடைவில் நீர் புகுந்து படகைக் கெடுக்கும்.

இங்கே ஒரு பொருளாதார உண்மை மறைந்து கிடக்கிறது. தொழிற்சாலை கண்ணாடியிழைப் படகை வார்ப்பது மெருகேற்றிய அச்சினுள்ளே. அச்சுச் செய்யப் பெரும்பணம் வேண்டும். பல படகுகள் வார்த்தாலன்றி அப்பணம் மீளாது. ஆகவே அச்சு என்பது மூலதனம், அச்சுடையவனே முதலாளி. சலாகைக் கூட்டின்மேல் நுரையை வைத்துக் கட்டுபவனுக்கு அச்சு வேண்டியதில்லை. எழுதுவினைஞரும் ஆசிரியரும் தச்சரும் தம் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுக் கடலோடும் கலத்துக்கு உரியவராக முடிந்தது இதனாலேயாம். ஆனால் இவ்விடுதலையை மிகைப்படுத்தவும் கூடாது. பாய்மரமும் பாயும் கயிறும் கடையில் வாங்கவேண்டியவை. நுரையும் ரெசினும் இரசாயன ஆலைகளின் சரக்கு. அவற்றின் பிறப்பிடம் எண்ணெய்க் கிணறு. பொலியெஸ்ரர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியை, புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் வகைப்படுத்தியது. வீட்டிற் கட்டுபவன் ஒரு படகோடு அதனை விட்டுவிடுகிறான். படகுத் தொழிற்சாலையில் நாளாந்தம் ரெசின் பூசும் தொழிலாளிக்கு அவ்வாவியே வாழ்நாட் காற்று.

இனி, பெயர் பிறந்த கரைக்குத் திரும்புவோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், தமிழ்நாட்டுக் கரைகளில் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகின. நுரையை உள்ளே வைத்துக் கண்ணாடியிழை போர்த்த கட்டுமரங்களும் அங்கே தோன்றின. எமது நாட்டுக் கரைகளிலும் கண்ணாடியிழைப் படகே மீனவரின் பொதுக் கலமாயிற்று. இம்மாற்றத்தை முற்றாகப் பழிப்பது நீதியன்று. நல்ல மரக்குற்றி கிடைப்பது அரிதாயிற்று. புதிய கலம் நெடுந்தூரம் செல்லும். அதிக மீனைச் சுமக்கும். நனைந்தபடியே அமர்ந்து துடுப்பு வலித்த முதுகுக்கு அது ஆறுதல். எனினும் ஒன்றை மறத்தலாகாது. மான்செஸ்டர்வாசிக்குப் படகுகட்டும் உரிமையைத் தந்த புதுப்பொருள்கள், கரைவாழ் மீனவனிடமிருந்து அவ்வுரிமையைப் பறித்தன. தன் கையால் அவிழ்த்துக் கட்டிய கலத்துக்குப் பதிலாக, பிறர் அச்சில் வார்த்த கலத்தை அவன் பெரும்பாலும் கடன்பட்டு வாங்குகிறான். கலத்தோடு இயந்திரமும் வந்தது. இயந்திரத்தோடு எண்ணெயும் வந்தது. 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, அச்சங்கிலியின் பாரம் யாரை அழுத்திற்று என்பதை நாம் கண்டோம்.

பொருள் ஒன்றே, பலன் இரண்டாகியது ஏன்? குறை கண்ணாடியிழையில் இல்லை. வரைபடம் யார் கையில், அச்சு யார் கையில், கடன்பத்திரம் யார் கையில் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. ஹவாய் மக்களின் அனுபவம் இதற்குச் சான்று. அவர்கள் 1975இல் மிதக்கவிட்ட 'ஹொக்குலேயா' என்னும் இரட்டை ஓடம் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடியிழையாலும் ரெசினாலும் ஆனது. 1976இல் சத்தவால் தீவினரான மௌ பியாயிலுக், நட்சத்திரங்களையும் அலைகளையும் கொண்டே, கருவிகளின்றி அதனை ஹவாயிலிருந்து தாகித்திக்கு வழிநடத்தினார். பொருள் ஆலையினது, வடிவமும் வழியறிவும் மக்களினது. ஆதலால் அக்கலம் அம்மக்களுடையதாயிற்று.

எமது கரையோரப் பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகளிற் பலர் மீனவரின் மக்கள். 'கற்றமரான்' என்ற சொல்லின் வேர் தமிழ் என்று அவர்களுக்குச் சொல்வதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடாது. நுரை ஏன் மிதக்கிறது, இரு ஓடுகள் ஏன் விறைக்கின்றன, ஒரு வரைபடத்தை எவ்வாறு வாசிப்பது, ரெசின் பூசும்போது மூச்சை எவ்வாறு காப்பது என்பவற்றை அவர்கள் தாய்மொழியிலே கற்கவேண்டும். கரையோரச் சங்கங்கள் ஓர் அச்சைத் தமக்குப் பொதுவில் உடைமையாக்க முடியுமாவென்று அவர்களின் பெற்றோர் ஆராயவேண்டும். சொல்லைத் தந்தவன் கலத்தையும் ஆளும் நாளை அத்தகைய கல்வியும் கூட்டுமுயற்சியுமே கொண்டுவரும்.