விமானபுரத்தின் கதை

பெங்களூர் நகரின் கிழக்கே விமானபுரம் என்றொரு பகுதி உண்டு. அதன் அருகே செல்லும் பெருஞ்சாலையைப் பழைய விமான நிலையச் சாலை என்றே இன்றும் மக்கள் வழங்குகின்றனர். பிரயாணி விமானங்கள் அங்கிருந்து வேறிடம் பெயர்ந்து ஆண்டுகள் பல சென்றும், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உத்தியோகத்தின் பொருட்டு இந்நகரில் குடியேறிய தமிழர்களில் பலர் நாள்தோறும் அவ்வழியே போய்வருகிறோம். யுத்த காலத்தில் வளர்ந்த ஒரு விமான தளம், யுத்தம் ஓய்ந்த பின் நாட்டுக்கு எவ்வாறெல்லாம் பயன்படக்கூடும் என்பதை அந்த மதிலுக்கு அப்பால் உள்ள நிலம் நமக்குச் சொல்லும்.

1940 டிசம்பரில், தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் இங்கு ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியை நிறுவினார். அப்போது திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். சமஸ்தானம் நிலம் தந்தது. பங்கு முதலும் இட்டது. கடற்கரையினின்று விலகிய பீடபூமி, மிதமான தட்பவெப்பம், சிவசமுத்திரத்து மின்சாரம், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அண்மை ஆகிய யாவும் இவ்விடத்துக்குச் சாதகமாயின. 1941-லேயே இங்குப் பொருத்தப்பட்ட பயிற்சி விமானம் ஒன்று வானில் எழுந்தது.

ஆயினும் புது விமானங்கள் செய்யும் எண்ணம் நீடிக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. யுத்தம் நம் வாசலுக்கே வந்துவிட்ட அவ்வாண்டில் இந்திய அரசாங்கம் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. 1943-ல் அது அமெரிக்க ராணுவ விமானப் படையின் பொறுப்புக்குச் சென்றது. பர்மா, சீன முனைகளில் பழுதுற்ற விமானங்கள் இங்குச் செப்பனிடப்பட்டன. கடல் விமானங்கள் இறங்குவதற்கு அருகிலிருந்த பெல்லந்தூர் ஏரி பயன்பட்டது. நகரின் வடக்கே எலகங்காவில் 1944-ல் பிரிட்டிஷ் விமானிகள், தண்டர்போல்ட் என்னும் அமெரிக்கப் போர் விமானத்தைச் செலுத்தப் பழகினர். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட இத்தாலியர்கள் ஜாலஹள்ளி முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர்.

யுத்தம் முடிந்ததும், வேலையற்றுப்போன இத்தனை பட்டறைகளையும் கைத்திறனையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு விடை கான்பூரில் கிடந்தது. லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை, மீண்டும் பறக்க இயலாதவாறு சிதைத்துவிட்டு அந்நியப் படைகள் அங்கே விட்டுச் சென்றிருந்தன. ஹிந்துஸ்தான் தொழிற்சாலையார் அவற்றை ஓரளவு சீர்செய்தனர். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்ட 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் இந்திய விமானப் படையில் சேர்ந்தன. 1968 வரை பணிபுரிந்தன. பிறர் கழித்துப் போட்ட இரும்பை நம் தொழிலாளரின் கை மீண்டும் பறக்கவைத்தது.

பழுதுபார்க்கக் கற்ற கை படைக்கவும் கற்றது. டாக்டர் கட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் இங்குப் பறந்தது. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் போர் விமானத்தின் முன்னோடி முதன்முறையாக எழுந்ததும் இந்த ஓடுபாதையிலிருந்தே. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், குரோம்பேட்டையில் படிப்பை முடித்துவிட்டு இத்தொழிற்சாலையில்தான் பயிற்சி பெற்றார். விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையை இங்கே கற்றார். சிறைமுகாம் இருந்த ஜாலஹள்ளியில் 1949-ல் விமானப் படையின் தொழில்நுட்பக் கல்லூரியும், 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனமும் தோன்றின.

விமானபுரத்து ஓடுபாதை பல்லாண்டுகள் பொதுமக்களின் விமான நிலையமாகவும் விளங்கிற்று. நகரம் பெருகியபோது அது இடம் போதாததாயிற்று. 2008 மே 24 முதல் பிரயாணி விமானங்கள் தேவனஹள்ளிக்குச் சென்றன. சில விலக்குகள் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு விமான நிலையம் வளர்க்கலாகாது என்பது புதிய நிலையத்துக்கான ஒப்பந்தத்தின் நிபந்தனை. பழையதையும் திறந்து வைக்கவேண்டும் என்று பலர் அன்று வாதாடினர், அது நிறைவேறவில்லை. இன்று அங்குப் படை விமானங்களும், சோதனை விமானங்களும், தனியார் விமானங்களும் வந்துபோகின்றன.

எலகங்காவின் நிலையோ வேறு. அங்கே 1996 முதல் ஏரோ இந்தியா என்னும் விமானக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. அப்போதெல்லாம் சுற்றுப்புறத்து இறைச்சிக் கடைகள் பல நாட்கள் மூடப்படுகின்றன. கழிவை நாடி வரும் பருந்துகள் விமானத்தில் மோதினால் உயிர்ச்சேதம் நேரும் என்பதே காரணம். காரணம் நியாயமானதே, ஆயினும் அன்றாடம் கடை திறந்து பிழைப்பவர்க்கு அது பெரும் இழப்பு. கழிவை நாள்தோறும் முறையாக அகற்றும் நகராட்சி இருக்குமானால், அவரைத் தண்டிக்க நேராது. தளத்தின் காவல் அதன் மதிலோடு முடிவதில்லை. சுற்றியுள்ள நகரத்தின் ஒழுங்கையும் அது சார்ந்திருக்கிறது.

இத்தகைய தளங்களின் அருமை ஆபத்துக் காலத்தில் விளங்கும். 2015 டிசம்பரில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளம் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் தமிழ்நாட்டில் இருக்க, வெளி மாநிலத்தில் தவித்த நம்மவர்க்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2018 ஆகஸ்டில் கொச்சி நிலையம் நீரில் மூழ்கியபோதும் அவ்வாறே கடற்படைத் தளம் உதவிற்று. முதலில் சென்றிறங்கிய பயணி விமானம் பெங்களூரிலிருந்து புறப்பட்டதே.

நகர நிலத்தின் விலை ஏற ஏற, இந்தத் திறந்த வெளிகள் எதற்கு என்று கேட்போர் பெருகுவர். அவர்களுக்கு நாம் கூறத்தக்கது ஒன்றுண்டு. வீடுகளை வேறிடத்திலும் கட்டலாம். பழகிய கைகளோடும் பட்டறையோடும் கூடிய ஓடுபாதையை ஒருமுறை இழந்தால் மீட்பது அரிது. அதே சமயம், அதன் பயன் மதிலுக்கு வெளியே வாழ்வோரையும் எட்டவேண்டும். அரசாங்கமும் நகர மக்களும் இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் கடமையாகும்.