அச்சச் சொற்கள்

பயம், கலக்கம், திகில் முதலிய உணர்வுகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும் தொடர்களும்.

இலக்கணத்தில்: தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். பேம், நாம், உரும் ஆகிய மூன்று சொற்களும் அச்சப் பொருள் தருவன என்கிறது அந்நூலின் உரியியல். இவை இன்று பேச்சில் இல்லை.

பேச்சு வழக்கில்: 'அச்சம்' பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிட, வடமொழிவழி வந்த 'பயம்' பேச்சில் முதன்மை பெற்றது. நுட்பமான வேறுபாடுகளை உடலுறுப்புகளே காட்டுகின்றன. திடீர் அதிர்ச்சிக்கு 'நெஞ்சு பக்குன்னு ஆயிட்டு'. கெட்ட சேதியை எதிர்பார்த்திருக்கையில் 'வயித்தைக் கலக்குது'. கடும் பீதிக்கு 'ஈரக்குலை நடுங்கிட்டு'. காரணம் புலப்படாத உறுத்தலுக்கு 'மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு'. பயப்படுபவரைக் கேலி செய்யப் பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி என்பன உண்டு.

நெல்லைக் கடற்கரையில்: திடுக்கிட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் 'பயந்த கோளாறு' என்று திருநீறு போடுவது நெல்லை வட்டார வழக்கம். பேய் பிடித்ததாகக் கருதப்படுவோரை உறவினர் அழைத்துவரும் தலங்களுள் ஒன்று உவரி அந்தோனியார் திருத்தலம். தொல்காப்பியர் பேய் முதலியவற்றைக் குறிக்கும் அணங்கை அச்சத்தின் நிலைக்களனாக வைத்ததை இங்கு ஒப்புநோக்கலாம். 2004 டிசம்பர் 26-க்குப் பின் 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லும் கடலோர அச்சச் சொற்களில் சேர்ந்தது. எழுத்தில் 'ஆழிப்பேரலை' வழங்கினாலும், கரையில் புழங்குவது 'சுனாமி'யே.