வாளி, சட்டி, பிரிண்டர்: இரவல் கொடுத்தலின் வரலாறு

திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான அல்மாஊன், அற்பப் புழங்குபொருளையும் பிறருக்குக் கொடாமல் தடுப்போரைக் கண்டித்து நிறைவுறுகிறது. வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதையே நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மாஊன் எனக் கருதி வந்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இன்றைய மாஊன் எது என்று மாணவர் வினவினால் நாம் பிரிண்டரைச் சொல்வதுண்டு. தெருவில் ஒரு வீட்டில் அது இருந்தால் பத்து வீட்டுக்குத் தேவைப்படுகிறது.

ஒரு பிரிண்டரைப் பலர் பயன்படுத்த வேண்டும் என்ற தேவை, கணினி வலையமைப்பின் பிறப்போடே கலந்தது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், 1971இல் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அத்துணை விலையுயர்ந்த கருவியை மேசைக்கு ஒன்றாக வைக்க இயலாது. கணினிகளை ஒன்றோடொன்றும் அந்தப் பிரிண்டரோடும் இணைக்கும் பணி ராபர்ட் மெட்காஃபிடம் வந்தது. அதற்காக 1973 மே 22 அன்று அவர் எழுதிய குறிப்பில் பிறந்ததே ஈதர்நெட். நம் வீட்டு ரவுட்டரில் நாம் செருகும் கம்பிக்குப் பின்னால் ஓர் இரவல் தேவை இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்!

பல்லாண்டுகள் இப்பகிர்வு அலுவலகச் சுவருக்குள்ளேயே நின்றது. 1999இல் இணையவழி அச்சிடலுக்கான ஐபிபி நெறிமுறை வெளிவந்தபின், இணையதளத்தைப் போலப் பிரிண்டருக்கும் ஒரு முகவரி கிடைத்தது. ஆயினும் வீடுகளுக்கு அது எளிதாகவில்லை. ரவுட்டரைக் கடந்து வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை அமைப்பது சாதாரண மக்களுக்குக் கைகூடவில்லை. 2010இல் கூகுள் கிளவுட் பிரிண்ட் அறிமுகமான பின்னரே, வளைகுடாவில் பணிபுரியும் தந்தை அனுப்பும் தாள் ஊரிலுள்ள வீட்டுப் பிரிண்டரில் வெளிவருவது எளிதாயிற்று. உரிமையாளர் யாருடைய மின்னஞ்சலைச் சேர்க்கிறாரோ அவரே அச்சிடலாம். அச்சேவை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது.

அனுமதி கேளாத வழியும் இருந்தது. பாதுகாப்பின்றி இணையத்தில் திறந்து கிடந்த பிரிண்டர்களில் 2016இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் யூத வெறுப்புத் துண்டறிக்கைகள் அச்சாகி விழுந்தன. எச்சமூகத்தை இழித்தாலும் அது இழிசெயலே. 2018 இறுதியில் ஒருவர், ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் தாளை ஐம்பதாயிரம் பிரிண்டர்களுக்கு அனுப்பியதாகத் தாமே அறிவித்தார். இரண்டிலும் பூட்டு உடைக்கப்படவில்லை. கதவு திறந்தே கிடந்தது. பிறர் இல்லத்தில் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையாதீர் என்னும் அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை (24:27) இங்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. வீட்டுக்காரர் கதவைச் சாத்தி வைப்பது கஞ்சத்தனமாகாது.

வாளிக்கும் பிரிண்டருக்கும் வேறொரு வேறுபாடும் உண்டு. இரவல் வாளி, தான் இறைத்த நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. பிரிண்டர் வழியே அண்டை வீட்டாரின் மருத்துவ அறிக்கையும் ஆதார் நகலும் நிகாஹ் பத்திரமும் கடந்து செல்கின்றன. கோப்பு கணினியிலேயே தங்கியும் விடுகிறது. அது அமானிதம்.

எம் மத்ரஸாவில் இப்போது பெற்றோர் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்புகின்றனர். அச்சிட்டதும் அதை அழித்துவிட்டு, தாளை மடித்து உறையிலிட்டு, மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம்.