மணி அடித்தவர் யார்?

மருத்துவத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் மயக்க மருந்தையும், எக்ஸ்ரே கதிரையும், பெனிசிலினையும் தவறாது குறிப்பிடுவர். கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் ஒரு கயிற்றைப் பற்றியும், அதை இழுத்தால் தாழ்வாரத்தில் ஒலிக்கும் ஒரு மணியைப் பற்றியும் பேசுவோர் அரியர். ஆயினும், நோயுற்றுப் படுக்கையில் கிடந்த எவரையேனும் கேட்டுப் பாருங்கள். நள்ளிரவில் நா வறளும்போதும், மூச்சு முட்டும்போதும் அவர் நெஞ்சில் நின்றது மருந்தின் பெயரன்று. அழைத்தால் யாரேனும் வருவார்களா என்ற கேள்வி ஒன்றே. அக்கேள்விக்கு மருத்துவமனைகள் 170 ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு விடை தேடி வந்திருக்கின்றன என்பதையே இங்கே கூற விழைகிறோம்.

1853ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், ஹார்லி தெருவில், வறுமையுற்ற நற்குடிப் பெண்மணிகளுக்கென ஒரு சிறு மருத்துவ இல்லம் அமைந்தது. அதன் மேற்பார்வையை ஏற்க இசைந்தவர் 33 வயதான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போர் அவரை இன்னும் அழைக்கவில்லை. கைவிளக்கேந்திய காரிகை என்ற புகழும் பிறக்கவில்லை. பொறுப்பேற்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், நிர்வாகக் குழுவைச் சேர்ந்த லேடி கானிங் என்ற சீமாட்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அருளையும் தொண்டையும் பற்றிய உபதேசம் அதில் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவர். அதில் இருப்பவை குழாயும், கப்பியும், மணியும். ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் குழாய் வழியே ஏறி வரவேண்டும். நோயாளிகளின் உணவைக் கீழிருந்து மேலே தூக்கிச் செல்ல ஓர் ஏற்றப்பொறி வேண்டும். நோயாளிகளின் மணிகள் யாவும் அந்தந்த மாடியில், தாதியின் அறைக்கு வெளியே ஒலிக்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

இவற்றோடு மற்றொன்றையும் கேட்டார். அதுவே நமக்கு முக்கியமானது. ஒவ்வொரு மணியோடும் ஒரு சிறு மூடி இணைந்திருக்க வேண்டும். மணி அடித்தவுடன் அம்மூடி திறந்துகொள்ள வேண்டும். திறந்தது திறந்தபடியே நிற்கவும் வேண்டும். அழைத்தவர் யார் என்பதைத் தாதி கண்ணால் பார்த்தறிய இதுவே வழி.

சிறு விஷயந்தான். ஆனால் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒலி என்பது தோன்றிய கணத்திலேயே மறைவது. தாதி அடுத்த அறையில் ஒருவருக்குக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தால், மணி அடித்ததை அறிவாளேயன்றி, அடித்தவர் யார் என்பதை அறியாள். ஐந்து நிமிடத்திற்குப் பின் திரும்பி வந்தால் அடித்ததற்கான அடையாளமே இராது. திறந்து நிற்கும் மூடியோ மறப்பதில்லை. அழைப்பு ஒன்று நிறைவேறாமல் நிற்கிறது என்பதை, நிறைவேறும் வரையில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். பின்னர் வந்த மின்விளக்கும், கம்பியில்லாக் கருவியும், கணிப்பொறித் திரையும் செய்ய முயன்றது இதனைத்தான் என்றும், இதனை மறந்த இடங்களில் எல்லாம் அவை இடறின என்றும் நமக்குத் தோன்றுகிறது.

இக்கடிதத்தைப் பெற்ற லேடி கானிங்கின் பெயர் நம் நாட்டில் வேறொரு வழியாக நிலைத்துவிட்டது. கவர்னர் ஜெனரலான தம் கணவருடன் 1856இல் இந்தியா வந்த அவர், 1861இல் கல்கத்தாவில் காய்ச்சல் கண்டு இறந்தார். வங்காளிகள் விரும்பி உண்ணும் ‘லேடிகேனி’ என்ற இனிப்பு அவர் பெயரால் வழங்குவதே. மணியைப் பற்றிய கடிதத்தை மறந்து இனிப்பை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் வியப்பொன்றும் இல்லை.

குழாய்க்கும் மணிக்கும் நைட்டிங்கேல் அம்மையார் இவ்வளவு வாதாடியதன் காரணம் யாது? இவ்வசதிகள் இல்லாத இல்லத்தில், தாதியின் கால்களுக்குத்தான் வேலை இருக்குமேயன்றி, அவளுடைய கைக்கும் கருத்துக்கும் இராது என்பதே. வெந்நீருக்காகப் படியிறங்குகிறாள், உணவுக்காக மீண்டும் இறங்குகிறாள், அழைத்தவர் யார் என்று அறை அறையாகச் சென்று கேட்கிறாள். இந்த ஓட்டம் இன்று ஓய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 தாதியரின் வேலையை அளந்து 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, பத்து மணி நேரப் பகல் முறையில் அவர்கள் ஒரு மைல் முதல் ஐந்து மைல் வரை நடந்தனர். எழுதிப் பதிவு செய்வதற்கே அவர்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சென்றது. நோயாளியை நேரே பேணுவதற்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எழுதுகோலுக்குப் பதிலாகக் கணிப்பொறி வந்துவிட்டால் எழுத்து வேலை தானே குறைந்துவிடும் என்று நம்பியவர்கள் இக்கணக்கைக் கண்டு சற்று நிதானித்திருப்பர்.

மணி இல்லாமலே இக்குறையைத் தீர்க்கும் மற்றொரு வழியும் இருந்தது. அதையும் வற்புறுத்தியவர் அதே அம்மையார்தாம். நீண்ட கூடம் ஒன்று. இரு புறமும் உயர்ந்த ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு இடையே கட்டில்கள், சுமார் 30. தலைமைத் தாதியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அத்தனை முகங்களும் தெரியும். தேம்ஸ் நதிக்கரையில் பாராளுமன்றத்திற்கு எதிரே 1871இல் திறக்கப்பெற்ற செயின்ட் தாமஸ் மருத்துவமனை இம்முறையில் எழுந்ததே. இங்கே கண்ணே தந்தி. கை ஒன்று உயர்ந்தால் போதும், செய்தி சேர்ந்துவிடும். நம் நாட்டின் பழைய அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இத்தகைய கூடங்களைக் காணலாம். அங்கே மணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் நோயாளியின் உறவினர். கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுத்திருந்து, சொட்டு மருந்து தீரும் சமயத்தில் தாழ்வாரம் முழுதும் எதிரொலிக்க “சிஸ்டர்!” என்று கூவும் அந்தத் தம்பியோ மருமகளோதாம் நமது பழைய அழைப்பு மணி. உறவினர் இல்லாத நோயாளிக்கு மணியும் இல்லை என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

தனி அறைகள் பெருகப் பெருக, கண்ணுக்கு எட்டாத நோயாளியும் பெருகினார். அதனால் மின்சார மணி வந்தது. மணியின் இரைச்சல் மற்ற நோயாளிகளின் உறக்கத்தைக் கெடுத்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் அறை வாயிலுக்கு மேல் சிறு விளக்கு எரியும் முறை பரவிற்று. தாதி கட்டிலருகே வந்து பொத்தானைத் தொட்டாலன்றி அவ்விளக்கு அணையாது. நைட்டிங்கேல் அம்மையாரின் மூடியேதான் விளக்காக மறுபிறவி எடுத்தது எனலாம். அதன் பின்னர் இருந்த இடத்திலிருந்தே பேசும் கருவி வந்தது. நீர் வேண்டுமா, வலி கண்டதா என்று கேட்டறிந்த பின் புறப்பட்டால், இரண்டு நடை ஒரு நடையாகக் குறைகிறது அல்லவா?

மருத்துவரை அழைப்பது இதனினும் கடினமாக இருந்தது. அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்பதே தெரியாது. ஒலிபெருக்கியில் பெயரைக் கூவினால் மருத்துவமனை முழுதும் திடுக்கிட்டு விழிக்கும். நியூயார்க் நகரில் 1950இலேயே மருத்துவர்களுக்கெனக் கம்பியில்லா அழைப்புச் சேவை ஒன்று தொடங்கிற்று. 1956இல், நாம் மேலே கூறிய அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மல்ட்டிடோன் கம்பெனியார் சட்டைப் பையில் அடங்கும் பேஜர் கருவியை அமைத்துக் கொடுத்தனர். நம் நாட்டில் பேஜர் 1995 வாக்கில் பரவி, அதே ஆண்டில் வந்த செல்பேசியால் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளோ அதை எளிதில் கைவிடவில்லை. 2019இல் அந்நாட்டு அரசு கணக்கெடுத்தபோது, தேசிய மருத்துவப் பணியில் சுமார் 1,30,000 பேஜர்கள் இருந்தன. உலகில் அப்போது எஞ்சியிருந்த பேஜர்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் அங்கேதான். 2021ஆம் ஆண்டு முடிவுக்குள் அவற்றை அகற்ற வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதைப் பற்றிக்கொண்டிருந்தவர்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. தடித்த சுவருக்குள்ளும் நிலவறையிலும் அது ஒலிக்கும். மின்கலம் வாரக்கணக்கில் நீடிக்கும். ஆயினும் அதன் குறை பெரியது. அழைத்த தாதிக்கு, தன் அழைப்பு எட்டியதா என்று தெரியாது. மருத்துவர் திரும்பப் பேசும் வரையில் தொலைபேசியின் அருகிலேயே அவள் காத்து நிற்பாள். மறுமுனையில் அவர் பேசும்போது அவளோ வேறொரு கட்டிலருகே இருப்பாள். மூடி இல்லாத மணி அது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரின் உரிமையோடு ஒரு வார்த்தை. சங்க நூல்களில் செவிலி என்றால் தலைவியை வளர்த்த தாய். அச்சொல்லை எடுத்து மருத்துவமனைத் தாதிக்குச் சூட்டியவர் எவரோ, அவர் வாழ்க. அதற்குள்ளே ‘செவி’ ஒளிந்திருப்பதைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி. இதைச் சொற்பிறப்பு ஆராய்ச்சி என்று எவரும் கொள்ளற்க.

அச்செவி சலித்துப்போவதும் உண்டு. இதயத் துடிப்பைக் காட்டும் கருவி, மூச்சளிக்கும் கருவி, சொட்டு மருந்தைச் செலுத்தும் பம்பு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒலி வைத்திருக்கிறது. நோயாளி புரண்டு படுத்தாலும் ஒலிக்கும். மார்பில் ஒட்டிய கம்பி நழுவினாலும் ஒலிக்கும். உயிர் போகும் தறுவாயிலும் அதே ஒலிதான். நூறு பொய் அழைப்புகளைக் கேட்ட காது நூற்றொன்றாவது மெய் அழைப்பைக் கேளாதிருப்பது இயற்கை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013இல் விடுத்த எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரையில் இவ்வகையில் தன்னிடம் தெரிவிக்கப்பட்ட விபத்துகள் 98 என்றும், அவற்றுள் 80 மரணத்தில் முடிந்தன என்றும் கூறிற்று. தேவையற்ற சத்தம் நோயாளிக்குச் செய்யும் கொடுமையைப் பற்றி நைட்டிங்கேல் அம்மையார் தம் செவிலி நூலில் ஓர் அதிகாரமே எழுதினார். அது தாதிக்கும் செய்யும் கொடுமையை அளக்க நமக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இச்சலிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடரை நாம் ‘ஒலிச் சலிப்பு’ என்று பெயர்த்தோம். அலுவலகத்தில் அது ஏற்கப்படவில்லை.

மாற்று என்ன? ஒலியைப் பிரித்தறிந்து, உரிய தாதியின் கையிலுள்ள கருவிக்கு மட்டும் அனுப்புவதும், அவர் ஏற்காவிடில் அடுத்தவருக்கு அனுப்புவதும் இன்றைய ஏற்பாடு. கழுத்தில் அணிந்த வில்லையிடம் பெயரைச் சொன்னாலே அவருடன் பேசவைக்கும் கருவிகளும் வந்துள்ளன. கட்டுக் கட்டும் கையை எடுக்க வேண்டியதில்லை. 2020இல் கொரோனா நோய் பரவியபோது இவற்றின் பயனை உலகு முழுதும் உணர்ந்தது. உடல் முழுதும் கவசம் பூண்ட தாதியர், கண்ணாடிக்கு அப்பால் நின்ற மருத்துவரோடு செல்பேசியிலும் வாக்கிடாக்கியிலும் பேசினர். தம் பெயரைக் கவசத்தின்மேல் மையால் எழுதிக்கொண்டனர். மகனையோ மகளையோ திரையில் காட்டி, அவர்களிடம் விடைபெற வேண்டியவர்களை விடைபெறச் செய்தனர். அது எந்தப் பணிப்பட்டியலிலும் எழுதப்படாத வேலை.

அழைப்பைக் குறைக்க இன்னோர் எளிய வழியும் உண்டு. அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளில் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கு ஒருமுறை தாதி தாமே அறைக்குச் சென்று விசாரித்த இடங்களில் அழைப்புகளும் குறைந்தன. நோயாளிகள் கீழே விழுவதும் குறைந்தது. ஆனால் மணிக்கு ஒருமுறை செல்வதற்குப் போதிய தாதியர் வேண்டும். இரவில் ஒருவரே ஒரு கூடம் முழுவதையும் பார்க்கும் இடத்தில், எந்தக் கருவியை வாங்கி மாட்டினாலும் அது அவர் தோளில் இன்னொரு சுமையாகவே முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தாயார் டில்லியில் ஒரு மருத்துவமனையில் இடுப்பெலும்பு சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். தலைமாட்டில் பொத்தான் இருந்தது. அழுத்தினால் கூடத்தின் கோடியிலுள்ள மேசையில் அறை எண் ஒளிரும். ஆனால் அவ்வொளியை அந்த மேசையிலிருந்தே அணைக்கவும் முடியும், கட்டிலருகே வரவேண்டியதில்லை. முதல் இரவு தாயார் மூன்று முறை அழுத்தினார். மூன்று முறையும் விளக்கு அணைந்தது. வந்தவர் யாரும் இல்லை. மறுநாள் இரவு அவர் பொத்தானைத் தொடவே இல்லை. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டத் தொடங்கினார். தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து இளம் மலையாளத் தாதி ஒருவர் ஓடி வந்தார். நாம் வெட்கி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அவரோ தாயாரின் தலையணையைச் சரிசெய்து, நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, டம்ளரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

“இனியும் இதையே தட்டுங்கள், அம்மா. நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்.”