பளபளன்னு இருந்தா உஷார்! - லூகர் பிஸ்டல் ஒரிஜினலா, ஒட்டுப்போட்டதா... கண்டுபிடிப்பது எப்படி?

உலகப் போர் படங்களில் ஜெர்மன் அதிகாரி உறையிலிருந்து உருவும் அந்த பிஸ்டல் ஞாபகம் இருக்கா? ஒல்லியான குழல், நன்றாகச் சாய்ந்த கைப்பிடி, சுட்டதும் முதுகுப் பக்கம் முழங்கை மடங்குவதுபோல எழுந்து அடங்கும் ஒரு மூட்டு. அதுதான் லூகர் பி.08. 'கால் ஆஃப் டியூட்டி' ஆடியவர்களுக்கு இன்னும் நெருக்கமான முகம்.

பழைய ராணுவ பிஸ்டல்களைச் சேகரிப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அங்கே ஒரு விற்பனை மேஜையில் ரெண்டு லூகர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஷோரூமிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல கருநீலத்தில் மின்னுகிறது. இன்னொன்றில் ஓரமெல்லாம் தேய்ந்து, வெள்ளை இரும்பு எட்டிப் பார்க்கிறது. விவரம் தெரிந்தவர் கை தேய்ந்ததை நோக்கித்தான் போகும். விலையும் பெரும்பாலும் அதற்குத்தான் அதிகம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குட்டி ஃப்ளாஷ்பேக்

ஹ்யூகோ போர்ஷார்ட் என்பவர் 1893-ல் வடிவமைத்த பிஸ்டல் நன்றாகச் சுட்டது. ஆனால், கையில் அடங்காத உருவம். அதை ஆஸ்திரியாவில் பிறந்த ஜார்ஜ் லூகர் செதுக்கிச் சின்னதாக்கினார். பெர்லினின் டி.டபிள்யூ.எம் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1900-ல் சுவிட்சர்லாந்து ராணுவம் முதலில் வாங்கியது. 1904-ல் ஜெர்மன் கடற்படை, 1908-ல் ஜெர்மன் தரைப்படை. பி.08-ல் இருக்கும் '08' அந்த வருடம்தான்.

இந்த பிஸ்டலுக்காக உருவான 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவை இன்றைக்கும் உலகம் முழுக்க ராணுவமும் போலீஸும் பயன்படுத்துகின்றன. லத்தீனில் 'பாரா பெல்லம்' என்றால் 'போருக்குத் தயாராகு'. டி.டபிள்யூ.எம்-மின் தந்தி முகவரியும் அதுதான்.

டி.டபிள்யூ.எம் தவிர எர்ஃபர்ட் அரசு ஆயுதச் சாலை, சிம்சன், க்ரீகாஃப், மௌசர் என்று பலர் இதைத் தயாரித்தார்கள். ஜெர்மன் ராணுவத்துக்கான தயாரிப்பு 1942-ல் நின்றது. ரெண்டு போரிலும் எதிரணி வீரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்ட முதல் பொருள் லூகர்தான். சந்தையில் இன்றும் இவ்வளவு லூகர்கள் சுற்றுவதற்கு அது ஒரு காரணம்.

'ஒரிஜினல்' என்றால் என்ன?

பழைய புல்லட் வாங்கப் போனால் என்ன செய்வீர்கள்? இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி புக்கோடு ஒப்பிடுவீர்கள். டேங்க் மாத்தினதா, பெயின்ட் புதுசா என்று தடவிப் பார்ப்பீர்கள். லூகர் விஷயத்திலும் அதேதான். மூன்று கேள்விகள்:

* தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்த பாகங்கள்தான் இப்போதும் ஒன்றாக இருக்கின்றனவா?
* மேல்பூச்சு அந்தக் காலத்துடையதா, பிறகு போட்டதா?
* முத்திரை, வருடம், மாடல் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு விஷயம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிறது என்று நினைத்துத்தான் கையாள வேண்டும். ராணுவ லூகரில் அறைக்குள் தோட்டா இருந்தால், மேலே இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் சற்றுத் தூக்கிக்கொண்டு 'கெலாடென்' என்ற ஜெர்மன் சொல் தெரியும். 'லோடு ஆகியிருக்கிறது' என்று அர்த்தம். அது தெரியவில்லை என்பதால் மட்டும் காலி என்று நம்பிவிடக் கூடாது. லூகரின் மேல் பாகத்தைத் தனியாகக் கழற்றிய பிறகும், உள்ளே தோட்டா இருந்தால் அது வெடிக்கக்கூடும். விவரம் தெரிந்த ஒருவர் காலி செய்து காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.

1. நம்பர் பேசும்... ஆனால் முழுசா நம்பாதீங்க

ராணுவ லூகரில் முழு சீரியல் நம்பர் மூன்று இடங்களில் இருக்கும்: ஃப்ரேமின் முன்பக்கம், ரிசீவரின் இடது பக்கம், குழலின் அடிப்பக்கம். டிரிகர், சேஃப்டி லீவர், பக்கத் தகடு, முதுகுமூட்டு போன்ற சின்ன பாகங்களில் அதே நம்பரின் கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் இருக்கும். மரக் கைப்பிடியைக் கழற்றினால் அதன் உள்பக்கத்திலும் பெரும்பாலும் அந்த ரெண்டு இலக்கம் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் அதை 'மேட்சிங்' என்பார்கள். ஒரு பாகம் மாறினாலும் விலை சரியும்.

இங்கே ரெண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, நம்பரின் பின்னால் வரும் எழுத்து. லூகர் நம்பர்கள் நாலு இலக்கத்தைத் தாண்டாது. பத்தாயிரம் முடிந்ததும் 'ஏ' என்ற எழுத்தோடு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிறகு 'பி', 'சி' என்று போகும். அதனால் ஒரே வருடத்தில், ஒரே தொழிற்சாலையில் 4521 என்ற நம்பரோடு பல பிஸ்டல்கள் பிறந்திருக்கலாம். எழுத்தும் ஒத்துப்போனால்தான் மேட்சிங்.

ரெண்டாவது பொறி, அந்த ரெண்டு இலக்கம். 00 முதல் 99 வரை மொத்தமே நூறு சாத்தியங்கள். ஒரு வியாபாரியிடம் சில நூறு பழைய பக்கத் தகடுகள் இருந்தால், உங்கள் பிஸ்டலுக்குப் பொருந்தும் '47' அதில் கிடைத்துவிடும். பாகம் உண்மையான பழைய பாகம், நம்பரும் உண்மை. ஆனால், அது இந்த பிஸ்டலோடு பிறக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க தேய்மானத்தைப் பாருங்கள். ஃப்ரேமில் தொடங்கும் தேய்மானம் தகட்டின்மீதும் தொடர வேண்டும். ஃப்ரேம் பழசாகவும் தகடு மட்டும் 'இளமையாகவும்' இருந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை. எண்களின் எழுத்து வடிவம், அளவு, ஆழம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்து ஒப்பிடுங்கள்.

மேகசினையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ராணுவ லூகரும் ரெண்டு மேகசினோடு வந்தது. அடியில் பிஸ்டலின் நம்பர் இருக்கும். உதிரி மேகசினில் கூடவே ஒரு '+' குறியும் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் மேகசினின் அடிப்பகுதி மரம். 1930-களில் அலுமினியம் வந்துவிட்டது. போர்க்களத்தில் முதலில் தொலைவது மேகசின்தான். அதனால் ரெண்டு மேகசினும் மேட்ச் ஆகும் செட் கிடைப்பது அபூர்வம்.

2. நிறம் பொய் சொல்லாது

1937 வாக்கில் மௌசர் தொழிற்சாலை மேல்பூச்சு முறையை மாற்றியது. அதுவரை இரும்பை மெதுவாகத் துருவேற வைத்து, துடைத்து, மறுபடி துருவேற்றி நிறம் கொண்டுவருவார்கள். அது ஆழமான, அமைதியான கருநீலம். புதிய முறையில் சூடான உப்புக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அது கருமை தூக்கலான, பளபளப்பான நிறம்.

பழைய முறையில் இன்னொரு அடையாளமும் உண்டு. டிரிகர், சேஃப்டி லீவர், மேகசின் பட்டன் போன்ற சின்ன பாகங்களைச் சூடேற்றி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கும். 1937-க்குப் பிறகு அந்தப் பாகங்களும் கருநீலத்துக்கு மாறின.

இப்போது நீங்களே துப்பறியலாம். அறைமேல் 1917 என்று அடித்திருக்கிறது, ஆனால் டிரிகர் உட்பட மொத்தமும் கருப்பாகப் பளபளக்கிறது. அப்படியென்றால் பிறகு யாரோ பூச்சு போட்டிருக்கிறார்கள். முடிந்தது.

மறுபூச்சைக் காட்டிக்கொடுக்கும் மற்ற தடயங்கள்:

* மழுங்கிய ஓரங்கள்: பூச்சுக்கு முன் பாலிஷ் போட்டால் கூர்மையான விளிம்புகள் உருண்டுவிடும்.
* ஆழமில்லாத எழுத்து: முத்திரையும் நம்பரும் பாதி கரைந்ததுபோலத் தெரியும்.
* குழிந்த ஓட்டைகள்: ஸ்க்ரூ, பின் போகும் ஓட்டைகளின் விளிம்பு கிண்ணம்போலச் சரிந்திருக்கும்.
* பூச்சுக்கு அடியில் துருக்குழி: துரு பூச்சைத் தின்றுதான் குழி விழும். குழிக்குள்ளும் புதுப்பூச்சு இருந்தால், பூச்சு பிறகு வந்தது.

பழைய பூச்சு கொண்ட பிஸ்டல்களில் சில முத்திரைகள் பூச்சுக்குப் பிறகே அடிக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம் தெரியும். மறுபூச்சு போட்டால் முதலில் காணாமல்போவது இந்த வளையம்தான்.

3. முத்திரை, வருடம், மாடல்: மூன்றும் சேர வேண்டும்

முதுகுமூட்டில் தயாரிப்பாளரின் அடையாளம் இருக்கும். டி.டபிள்யூ.எம் என்றால் பின்னிக்கொண்ட எழுத்துகள். எர்ஃபர்ட் என்றால் கிரீடமும் ஊர்ப் பெயரும். ஹிட்லர் காலத்து மௌசரில் பெயரே இருக்காது, ரகசியக் குறியீடுதான். முதலில் 'எஸ்/42', பிறகு '42', கடைசியில் 'பி.ஒய்.எஃப்'. வருடத்தைக்கூட ஒளித்தார்கள். 1934-க்கு 'கே', 1935-க்கு 'ஜி' என்று எழுத்து. 1936-லிருந்து வருடத்தை நேரடியாகவே அடித்தார்கள்.

சில லூகர்களில் ரெண்டு வருடம் இருக்கும். 1917, அதன்மேல் 1920. போலி என்று ஓடிவிடாதீர்கள். முதல் உலகப் போரில் தோற்ற பிறகு, அரசுக்குச் சொந்தமான ஆயுதங்களை அடையாளம் காண ஜெர்மனி அடித்த முத்திரை அது. அந்தக் காலத்தில் பழைய பிஸ்டல்களுக்கு ராணுவமே குழல் மாற்றி, நம்பரும் மாற்றியிருக்கிறது. அது அந்த பிஸ்டலின் வரலாறு. அதே வேலையை இன்றைக்கு ஒரு வியாபாரி செய்து, சொல்லாமல் விற்றால் அது மோசடி. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

4. எதைப் போலியாக்குவார்கள்?

எது அபூர்வமோ, அதை. ஆர்ட்டிலரி மாடல் ஒரு நல்ல உதாரணம். சாதாரண லூகர் குழல் 100 மி.மீ, இதில் 200 மி.மீ. குறிபார்க்கும் கருவியில் 800 மீட்டர் வரை அளவு இருக்கும். சாதாரண லூகரில் நீளக் குழல் மாட்டி ஆர்ட்டிலரி ஆக்குவது பழைய தந்திரம். எர்ஃபர்ட் ஆயுதச் சாலை இந்த மாடலை 1914-ல் மட்டும்தான் செய்தது. 'எர்ஃபர்ட் ஆர்ட்டிலரி, 1917' என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுக் கிளம்பிவிடுங்கள்.

க்ரீகாஃப் இன்னொன்று. ஜெர்மன் விமானப்படைக்காக அந்த நிறுவனம் வாங்கிய ஒப்பந்தம் வெறும் 10,000 பிஸ்டல்களுக்கானது. எண்ணிக்கை குறைவு என்பதால் விலை எகிறும். விலை எகிறுவதால் போலியும் பெருகும்.

5. கதைக்குக் காசு கொடுக்காதீங்க

'இது ஒரு ஜெனரலோட துப்பாக்கி சார்' என்ற வசனம் எல்லா நாட்டிலும் உண்டு. வீரர்கள் ஊருக்குக் கொண்டுவந்தபோது அமெரிக்க ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டுகள் சில இன்றும் இருக்கின்றன. ஆனால், அதில் பிஸ்டலின் சீரியல் நம்பர் எழுதியிருந்தால்தான் அது சான்று. 'ஒரு பிஸ்டல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் காகிதம் எந்த பிஸ்டலோடும் ஜோடி சேரும்.

பெயரிலும் மயங்காதீர்கள். கருப்பு பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட 1941-42 மௌசர் லூகர்களை 'பிளாக் விடோ' என்பார்கள். ஜெர்மன் ராணுவம் அப்படி எதற்கும் பெயர் வைக்கவில்லை. போருக்குப் பிறகு விற்பனைக்காக ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பாலிஷ் டப்பாவைத் தூக்கிப் போடுங்க

சேகரிப்பில் நடக்கும் பெரிய சேதம் போலியால் மட்டும் வருவதில்லை, ஆர்வத்தாலும் வருகிறது. 'கொஞ்சம் புதுசாக்கலாமே' என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்த அரை மணி நேரத்தில், நூறு வருடம் நின்ற பூச்சும் முத்திரை வளையமும் போய்விடும். அவை திரும்பி வராது. மெல்லிய எண்ணெய், மென்மையான துணி, ஈரமில்லாத இடம். இது போதும். தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கவும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் துருவேற்றும். மேட்சிங் லூகரைச் சேகரிப்பாளர்கள் பொதுவாகச் சுடவும் மாட்டார்கள். ஒரு சின்ன பாகம் உடைந்தால் 'மேட்சிங்' என்ற வார்த்தையும் கூடவே உடைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 'ஆன்டிக்' என்றால் 1898 அல்லது அதற்கு முன் செய்தது. எனவே, லூகர் அந்தக் கணக்கில் வராது. 50 வருடம் தாண்டிய ஆயுதங்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பிரிட்டனில் 1997 சட்டத்துக்குப் பிறகு கைத்துப்பாக்கி வைத்திருப்பதே அரிது. 1919-க்கு முன் செய்த, வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதி உண்டு.

இந்தியாவில்? ஆயுதச் சட்டம் 1959-ன்படி லைசென்ஸ் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட போர் வகை என்பதால் லூகருக்குச் சாதாரண லைசென்ஸும் போதாது. பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத புராதன ஆயுதங்களுக்கு 45-வது பிரிவில் விலக்கு உண்டு. சுடக்கூடிய நிலையில் இருந்தால், 'நூறு வருஷப் பழசு சார்' என்ற வாதம் எடுபடாது.

பரணில் தாத்தா காலத்து பிஸ்டல் கிடைத்தால் டிரிகரைத் தொடாதீர்கள், இன்ஸ்டாவில் போடாதீர்கள். வக்கீலிடம் பேசிவிட்டு, போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உரிமம் இல்லாத ஆயுதத்தை அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது.

வாங்க முடியாவிட்டாலும் இந்தக் கண் வீணாகாது. அடுத்த முறை மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்த்தால், ஓரங்களைக் கவனியுங்கள், எழுத்தின் ஆழத்தைக் கவனியுங்கள். பழைய கடிகாரம், பழைய கேமரா, பழைய புல்லட் வாங்கும்போதும் இதே கேள்விகள்தான். பாகங்கள் ஒன்றாகப் பிறந்தவையா? தேய்மானம் இயல்பானதா? விற்பவர் சொல்லும் கதையைப் பொருளும் சொல்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை பர்ஸைத் திறக்காதீங்க.