புகாரை யாரிடம் கொடுப்பது? 1855 முதல் அரியலூர் வரை

போலீஸ் மீதே புகார் என்றால் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? சுமார் 170 வருடத்துக்கு முன்பே இங்கே எழுந்த கேள்வி இது.

1816 ரெகுலேஷன்படி சென்னை மாகாணத்தில் வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் இருந்தன. தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். அவருக்கு மேலே கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட். அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

கிஸ்தி கட்டாதவனுக்கும் திருட்டுப் பழி விழுந்தவனுக்கும் ஒரே வைத்தியம்: கிட்டி, அண்ணாந்தாள். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்துக்கும் கால் விரலுக்கும் கயிறு போட்டுக் குனிய வைத்துக் கட்டுவது அண்ணாந்தாள்.

1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் இது பேச்சானது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கமிஷன் சென்னையில் விசாரித்து 1855இல் அறிக்கை கொடுத்தது. சித்திரவதை உண்மை, பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு என்பதுதான் அதன் சாரம். 1857இல் கார்ல் மார்க்ஸ் இதை வைத்து நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் கட்டுரையே எழுதினார். வரி வேலையிலிருந்து போலீசைப் பிரிக்க வேண்டும் என்ற கருத்து வலுத்து, 1859இல் 24ஆம் சட்டம் வந்தது. ஐ.ஜி.யின் கீழ் தனிப் போலீஸ் உருவானது.

சரி, பிரித்தாயிற்று. பிரித்த போலீசைக் கண்காணிப்பது யார்?

2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: மாவட்டந்தோறும் புகார் ஆணையம், தலைவராக ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாட்டின் 2013 சட்டம் ஆணையத்தை ஏற்றுக்கொண்டது, நீதிபதியை விட்டுவிட்டது. தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர்.

என் தொழிலில் கோடு எழுதியவரே அதை டெஸ்ட் செய்து ஓகே சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆள் கெட்டவர் என்பதால் அல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்.

வெளி ஆள் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு சாத்தான்குளம் உதாரணம். 2020இல் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் காவலில் இறந்தபோது மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குள்ளேயே போய் விசாரித்தார். உண்மை அப்படித்தான் வெளியே வந்தது.

பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு வருடமே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. புகாரோடு திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் மனுவை வாங்குபவர் எஸ்.பி.யோடு சேர்ந்து சட்டம் ஒழுங்கைப் பார்ப்பவர். 1855இல் கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று நீங்களே சொல்லுங்கள்.